மெதுவாகப் போகும் குண்டு

எட்கர் தர்ஸ்டன் தொகுத்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகள் 1909-இல் வெளிவந்தன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த அவர், வளரி என்ற எறிகருவியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் திவான் தமக்கு எழுதியனுப்பிய குறிப்பைச் சேர்த்திருக்கிறார். பிறை வடிவம், ஒரு முனை கனம், மறுமுனை இலேசு. வைரம் பாய்ந்த மரத்தில் செய்வது வழக்கம், இரும்பிலும் உண்டு. இலேசான முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சில சுற்று சுழற்றி, விசையேற்றி வீசுவார்கள். தேர்ந்த கை என்றால் ஒரே வீச்சில் சிறு விலங்கு விழும். அப்படிப்பட்ட கைகள் சமஸ்தானத்தில் இப்போது இல்லை, முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் எப்போதாவது எடுப்பதோடு சரி, வளரியின் காலம் முடிந்துவிட்டது என்பது திவானின் கணிப்பு.

அதே ஆண்டு மார்ச் 30 அன்று அமெரிக்காவில் ஹைரம் பெர்சி மாக்சிம் துப்பாக்கிச் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய ஹைரம் மாக்சிமின் மகன் அவர். புதுக்கோட்டையின் கீரனூர், நார்த்தாமலைப் பக்கத்துப் புதர்க்காடுகளில் சத்தமில்லாத வேட்டைக் கருவி வழக்கொழிந்துகொண்டிருந்த வேளையில், சத்தம் போடும் கருவியின் வாயை மூடும் வழி பதிவாகியது.

ஆனால் மாக்சிம் கண்டுபிடித்தது பாதி விடைதான். மறுபாதி குழலில் இல்லை, குண்டில் இருக்கிறது. சைலன்சர் பூட்டிய ரைபிளில் எந்தக் குண்டைப் போடுவது என்ற கேள்வியை வேட்டை அனுமதிக்கப்பட்ட நாடுகளில் இன்றும் விவாதிக்கிறார்கள். வேட்டையும் சைலன்சரும் சட்டத்தால் அடைக்கப்பட்ட தமிழ்நாட்டுக்கு அந்தக் கேள்வியால் என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். கீரனூர் வட்டாரத்தில் நடந்த ஒரு சம்பவமும், காட்டுப்பன்றி பற்றிய அண்மை அரசு முடிவும் அதை இங்கேயும் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

நான்கு சத்தங்கள்

துப்பாக்கிச் சத்தம் ஒன்றுபோல் கேட்டாலும் அதற்குள் நான்கு சத்தங்கள் இருக்கின்றன. குழல்வாயில் வெடித்து வெளியேறும் வாயுவின் சத்தம் ஒன்று. இயந்திர பாகங்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் இரண்டாவது. காற்றைக் கிழித்துப் போகும் குண்டின் சத்தம் மூன்றாவது. குண்டு இலக்கில் மோதும் சத்தம் கடைசி.

சைலன்சரால் முதலாவதை மட்டுமே ஒடுக்க முடியும். உள்ளே அடுக்கிய தடுப்புத் தகடுகளுக்கு இடையே வாயு விரிந்து, வேகமும் சூடும் தணிந்து வெளியே வருகிறது. பெரிய ரைபிள் ஒன்று எழுப்பும் 160 முதல் 170 டெசிபல் வரையிலான சத்தத்தில் 20 முதல் 35 டெசிபல் வரை இப்படிக் குறையும். 140 டெசிபலைத் தாண்டும் வெடிச்சத்தம் ஒரே முறையில் காதைக் கெடுக்கக்கூடியது என்பதால், சுடுபவரின் செவிக்கு இது பெரிய காப்பு. நார்வேயிலும் நியூசிலாந்திலும் வேட்டைக்காரர்கள் சைலன்சரைச் சாதாரணமாகப் பயன்படுத்துவதற்கு இது முக்கியக் காரணம். சினிமாவில் கேட்கிற ‘புஸ்’ என்ற மெல்லிய ஒலியை நிஜத்தில் எதிர்பார்க்கக் கூடாது.

மூன்றாவது சத்தத்தைச் சைலன்சரால் தொடவே முடியாது. குண்டு குழலைவிட்டுப் போன பிறகு பிறக்கும் சத்தம் அது. ஒலியைவிட வேகமாகப் போகும் எந்தப் பொருளும் காற்றில் அதிர்வலையை எழுப்பிக்கொண்டே போகும். தெருவில் சாட்டையடிப்பவரின் சாட்டை நுனி ‘சடீர்’ என்று சொடுக்குவதும் இதே காரணத்தால்தான். நுனி அந்த ஒரு கணம் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடுகிறது. ரைபிள் குண்டு தன் பாதை நெடுகிலும் அதே சொடுக்கை எழுப்புகிறது. அதைத் தவிர்க்க ஒரே வழி, குண்டின் வேகத்தை ஒலிக்குக் கீழே இறக்குவது. இந்த வகைத் தோட்டாவைச் சப்சானிக் என்கிறார்கள்.

ஒலியின் வேகம் எங்கும் ஒன்றல்ல, காற்றின் சூட்டைப் பொறுத்தது. 20 பாகை செல்சியஸில் வினாடிக்கு 343 மீட்டர். கீரனூரின் சித்திரை வெயிலில், 40 பாகையில், ஏறத்தாழ 355 மீட்டர். பூஜ்யத்துக்குக் கீழே 10 பாகை உறைபனியில் 325 மீட்டர்தான். ஆகவே வினாடிக்கு 335 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு இங்கே சொடுக்கில்லாமல் போகும், நார்வேயின் குளிர்காலத்தில் சொடுக்கிக்கொண்டு போகும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போதே குண்டின் தோள்பட்டையை ஒட்டி ஓடும் காற்று அந்த எல்லையைத் தாண்டிவிடுவதும் உண்டு. இதற்கெல்லாம் இடம்விட்டு, பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வேகத்தை 305 முதல் 320 மீட்டருக்குள் வைக்கிறார்கள்.

வேகத்தைக் கொடுத்துக் கனத்தை வாங்குவது

ஒரு குண்டின் இயக்க ஆற்றல் அதன் எடைக்கு நேர்விகிதத்திலும், வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிவிடும். .308 ரைபிளின் 150 கிரெய்ன் குண்டு, அதாவது 9.7 கிராம், வினாடிக்கு 860 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் சுமார் 3,600 ஜூல் ஆற்றலைச் சுமந்து போகிறது. அதே விட்டமுள்ள 220 கிரெய்ன் குண்டு, 14.3 கிராம், 310 மீட்டர் வேகத்தில் போனால் 685 ஜூல். எடை ஒன்றரை மடங்கு ஏறியும் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது.

எனவே மெதுவான குண்டைத் தேர்ந்தெடுப்பதில் முதல் விதி கனம். வேகத்துக்கு உச்சவரம்பு விழுந்துவிட்டதால், கூட்ட முடிந்தது எடை மட்டுமே. அமெரிக்காவில் ஜே. டி. ஜோன்ஸ் உருவாக்கிய .300 விஸ்பர் தோட்டாவும், அதன் வழியில் வந்து 2011-இல் தரநிர்ணயம் பெற்ற .300 பிளாக்அவுட்டும் இந்தக் கணக்கில் பிறந்தவை. 5.56 மில்லிமீட்டர் ராணுவ ரைபிளின் மேகசினிலேயே அடங்கும் அளவுக்குக் குட்டையான கூடு, அதன் தலையில் 190 முதல் 220 கிரெய்ன் வரையிலான நீண்ட குண்டு. அதைவிடப் பெரிய விலங்குக்கு இன்னும் பெருத்த குழல் வேண்டும். 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .45-70 தோட்டாவில் 405 கிரெய்ன் குண்டை 320 மீட்டர் வேகத்துக்குக் குறைத்து ஏற்றினாலும் 1,300 ஜூலுக்கு மேல் கிடைக்கும். மறுமுனையில் .22 தோட்டாவின் 40 கிரெய்ன் குண்டு. அந்த வேகத்தில் அதன் ஆற்றல் 130 ஜூலைச் சுற்றியே இருக்கும். முயலுக்கு அது போதும், பன்றிக்குப் போதாது.

இரண்டாம் உலகப் போரிலேயே இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர் வில்லியம் காட்ஃப்ரே டி லைல். .45 கைத்துப்பாக்கித் தோட்டா பிறவியிலேயே ஒலிக்குக் கீழான வேகம் கொண்டது, கனத்த குண்டு உடையது. அதை லீ என்ஃபீல்ட் ரைபிளின் உடலில் பொருத்தி, குழலையே பெரிய சைலன்சருக்குள் அடக்கினார். பிரிட்டிஷ் கமாண்டோக்கள் பயன்படுத்திய அந்த டி லைல் கார்பைன், 1948-இல் தொடங்கிய மலாயா அவசரநிலைக் காலத்தில் தோட்டத்துரைமார் கைக்கும் போனது. பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் பால்வெட்டிக்கொண்டிருந்த ரப்பர் தோட்டங்களுக்கு, சத்தமில்லாத துப்பாக்கி அப்படி வந்து சேர்ந்தது.

விரியாத குண்டு

கனம் மட்டும் விலங்கைக் கொல்லாது. வேட்டைக்கான சாதாரண ஈயமுனைக் குண்டு, உடலில் பட்டதும் முனை மலர்ந்து விட்டம் பெருகும்படி செய்யப்பட்டது. அந்த மலர்ச்சிக்கு வேகம் வேண்டும். பல குண்டுகள் வினாடிக்கு 550 மீட்டருக்குக் கீழே சரியாக மலர்வதில்லை. 300 மீட்டரில் மோதினால் ஊசி கோத்தாற்போல் உள்ளே நுழைந்து வெளியேறிவிடும். வேகமான குண்டு தன் பாதையைச் சுற்றியுள்ள திசுக்களையும் விரித்துச் சிதைக்கிறது. மெதுவான குண்டோ, தான் தொட்டுக் கிழித்ததை மட்டுமே சேதப்படுத்துகிறது. அடிபட்ட விலங்கு ஓடி மறைந்து, மணிக்கணக்கில் துன்பப்பட்டுச் சாவதற்கு இதுவே காரணம்.

ஆகவே இரண்டாவது விதி, குறைந்த வேகத்திலேயே மலரும்படி செய்த குண்டு. ஹார்னடி நிறுவனத்தின் சப்-எக்ஸ் வகை, வினாடிக்கு 275 மீட்டர் வரை வேகம் இறங்கினாலும் மலரும்படி மெல்லிய உறையும் ஆழ்ந்த குழியும் உடையது. லீஹை டிஃபென்ஸ் செய்யும் செப்புக் குண்டின் முனை, உடலுக்குள் இதழ்களாகப் பிரிந்து விரிகிறது. இலக்குச் சுடும் போட்டிக்கான கனத்த குண்டு மலிவு, துல்லியமும் அதிகம். ஆனால் அட்டையில் அழகாகக் கூடும் ஐந்து துளைகள் விலங்கின் உடலில் என்ன நடக்கும் என்பதைச் சொல்வதில்லை.

ஜெர்மனி இந்தச் சிக்கலைச் சட்டத்தால் தீர்த்திருக்கிறது. அங்கே ரோ மானைச் சுட, குண்டு 100 மீட்டர் தொலைவிலும் 1,000 ஜூல் ஆற்றலோடு இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய குளம்பு விலங்குகளுக்கு 2,000 ஜூல். 2020 முதல் ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் சைலன்சர் வைத்துக்கொள்ளலாம். அதில் மானுக்கு ஏற்றுவது பெரும்பாலும் வேகமான தோட்டாவாகவே இருக்க முடியும். சொடுக்கு கேட்டால் கேட்கட்டும், விலங்கு உடனே விழட்டும் என்பது அந்தச் சட்டத்தின் நிலை. சுடுபவரின் காது காப்பாற்றப்படுகிறது, காட்டின் அமைதி காப்பாற்றப்படுவதில்லை.

முறுக்கும் தொலைவும்

எடை கூடினால் குண்டு நீளும். நீண்ட குண்டு தள்ளாடாமல் போக வேகமாகச் சுழல வேண்டும். குழலுக்குள் வெட்டிய வரிகளின் முறுக்கு அதைத் தீர்மானிக்கிறது. சாதாரண .308 குழலில் 10 அல்லது 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. .300 பிளாக்அவுட்டில் 7 அல்லது 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அண்மையில் வந்த 8.6 பிளாக்அவுட்டில் மூன்றே அங்குலம். முறுக்கு போதாமல் தள்ளாடும் குண்டு குறி தவறுவதோடு நிற்காது. வெளியேறும் வழியில் சைலன்சரின் தகடுகளில் இடித்து அதைப் பிளந்தும் விடலாம்.

பிறகு தொலைவு. 310 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 100 மீட்டரைக் கடக்க மூன்றில் ஒரு வினாடி எடுக்கிறது. அதற்குள் புவியீர்ப்பு அதை அரை மீட்டருக்கு மேல் கீழே இழுத்துவிடும். 50 மீட்டரில் குறி சரிபார்த்த ரைபிள், 100 மீட்டரில் ஒரு சாண் கீழே அடிக்கும். நெஞ்சைக் குறிவைத்த குண்டு காலில் படுவதற்கு அந்த ஒரு சாண் போதும். இன்னொரு தொல்லையும் உண்டு. குண்டைவிடச் சத்தம் வேகமாகப் போவதால், 100 மீட்டரில் நிற்கும் விலங்கின் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ 0.05 வினாடி முன்னால் போய்ச் சேர்கிறது. எச்சரிக்கையோடு நிற்கும் மான் அதற்குள் தசையை இறுக்கத் தொடங்கவும் கூடும். பொறுப்பான வேட்டைக்காரர்கள் 100 மீட்டருக்குள், முடிந்தால் 50 மீட்டருக்குள் என்று தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்வது இந்தக் கணக்குகளால்தான்.

சட்டத்தின் பார்வை

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் உரிமம் பெற்ற வேட்டைக்குச் சிறிது இடம்விட்டிருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கதவையும் மூடியது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இன்னொரு பக்கம். துப்பாக்கியின் சத்தத்தையோ வெளிச்சத்தையோ குறைக்கச் செய்யப்பட்ட துணைக்கருவியையும் அது ‘துப்பாக்கி’ என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. நார்வேயில் காதுக்குக் காப்பாக விற்கும் பொருள், இங்கே தனியொரு ஆயுதம்.

சைலன்சர் மீது சட்டத்துக்கு உள்ள இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அசாமில் காண்டாமிருகத்தைக் கொல்லும் கும்பல்களிடம் சைலன்சர் பூட்டிய .303 ரைபிள்கள் சிக்கியிருக்கின்றன. வனக்காவலரின் முதல் கருவி காது. இரவில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால்தான் எந்தத் திசையில் ஓடுவது என்பது தெரியும். அதைப் பறிக்கும் கருவியை அவர்கள் எதிரியாகப் பார்ப்பது இயல்பு.

இதற்கிடையே விவசாயியின் பிரச்சினை வளர்ந்துகொண்டே போகிறது. கடலையையும் நெல்லையும் காட்டுப்பன்றி ஒரே இரவில் கிளறிப் போட்டுவிடுகிறது. அவுட்டுக்காய் வெடியும் திருட்டு மின்வேலியும் பன்றியோடு ஆட்டையும் ஆளையும் சேர்த்தே கொல்கின்றன. கேரளம் 2022-இல் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைப் பயன்படுத்துகிறது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழியைத் தேர்ந்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டுமே சுடலாம்.

மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் ஊருக்குள், வயலுக்கு நடுவில். அங்கே சுடும் குண்டு பன்றியைத் தாண்டிப் போனால் எங்கே போய் விழும்?

நார்த்தாமலையில் நடந்தது

கீரனூருக்குத் தெற்கே, நார்த்தாமலைக் குன்றுகளை ஒட்டிப் பசுமலைப்பட்டியில் துப்பாக்கிச் சுடும் பயிற்சித்தளம் இருக்கிறது. 2021 டிசம்பர் 30 காலை அங்கே மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, தளத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. இடைப்பட்ட தொலைவைச் செய்திகள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் என்றன. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து குண்டை எடுத்தார்கள். 2022 ஜனவரி 3 அன்று சிறுவன் இறந்தான். தளம் தற்காலிகமாக மூடப்பட்டது. குடும்பத்துக்கு முதலமைச்சர் 10 லட்சம் ரூபாய் அறிவித்தார்.

சப்சானிக் குண்டைப் பற்றிப் பேசுவோர் கவனிக்க வேண்டிய இயற்பியல் இந்தத் துயரத்துக்குள் இருக்கிறது. படைகள் வழக்கமாகக் கையாளும் ரைபிளில், உதாரணமாகத் திருச்சிப் படைக்கலத் தொழிற்சாலையிலும் தயாரான இன்சாஸ் ரைபிளில், குண்டு வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. காற்று அதை வெகு விரைவில் தளர்த்திவிடும். ஒரு கிலோமீட்டருக்குள்ளாகவே அது ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டு கிலோமீட்டர் கடந்த சாதாரண ரைபிள் குண்டு வந்து சேரும்போது மெதுவான குண்டுதான். கிளம்பியபோது இருந்த ஆற்றலில் சிறு பங்கே மிஞ்சியிருக்கும்.

மெதுவான குண்டு ஆற்றல் குறைந்தது, ஆகவே ஊரருகே அதைச் சுடுவது பாதுகாப்பு என்ற வாதம் பல நாடுகளில் கேட்கிறது. அந்த வாதம் அரைகுறை. மெதுவான குண்டுக்குக் காற்றின் தடை குறைவு, அதனால் தன் வேகத்தை நெடுந்தொலைவு இழக்காமல் வைத்திருக்கும். சின்ன .22 தோட்டாவின் பெட்டியிலேயே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆபத்து என்று அச்சிட்டிருப்பார்கள். கனத்த, உடையாத குண்டு கடினமான தரையில் சாய்வாகப் பட்டால் நொறுங்காமல் துள்ளித் திசைமாறும். கீரனூர் வட்டாரத்தில் மண்ணுக்கு மேலே தலைகாட்டும் கருங்கல் பாறைகளுக்குப் பஞ்சமில்லை.

ஆகவே வனத்துறை நாளை ஒரு வயலில் பன்றியைச் சுட எந்தக் குண்டைத் தேர்ந்தாலும், அதன் வேகத்தைவிடச் சுடும் கோணம் முக்கியமாகிறது. 30 மீட்டரில், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் பன்றியின் நெஞ்சு. சுடுபவர் வரப்பில் முழந்தாளிட்டு, துப்பாக்கியை 1.2 மீட்டர் உயரத்தில் பிடித்துச் சுட்டால், தவறிய குண்டு இன்னும் ஏறத்தாழ 20 மீட்டர் போய், கிட்டத்தட்ட தரையோடு தரையாக மண்ணைத் தொடும். கோணம் ஏறத்தாழ ஒன்றரை பாகைதான், துள்ளுவதற்கே வாய்ப்பு அதிகம். அதே ஆள் 4 மீட்டர் உயரப் பரணிலிருந்து சுட்டால், குண்டு பன்றிக்குப் பின்னால் நான்கைந்து மீட்டரிலேயே, ஆறு பாகைக்கும் மேற்பட்ட கோணத்தில் உழுத மண்ணில் இறங்கும். அந்தக் கோணத்திலும் பாறை குண்டைத் திருப்பிவிடும். பரணைக் கட்டும் முன் அதன் முன்னால் உள்ள தரையை நடந்து பார்ப்பது, தோட்டாவின் பெட்டியைப் படிப்பதைவிட முதலில் செய்ய வேண்டிய வேலை.